அலுமாரிக்குள் அடைபட்ட குரல்கள்

உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். காணி உறுதிகளுக்கும் பழைய கலியாண அல்பத்துக்கும் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் நாலைந்து கசெட்டுகள் கிடக்கும். மேலே ஒட்டிய கடதாசி மஞ்சளாகியிருக்கும், பேனை மை மங்கியிருக்கும். பாட்டுக் கசெட் என்று நினைத்து எறிந்து விடாதீர்கள். அது உங்கள் வாப்பாவின் கடிதமாக இருக்கலாம்.

ஆம், கடிதம்தான்! எங்கள் தம்பலகாமத்தில் மட்டுமா? கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று எங்கும் ஒரு காலத்தில் வெளிநாட்டுக்குக் கசெட்டில்தான் கடிதம் போனது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டப்படி அமைக்கப்படும் முன்பே எங்கள் ஊர்ப் பெண்களும் ஆண்களும் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் தொலைபேசி கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மா தன் மகளுக்கு என்னென்று கடிதம் எழுதுவாள்? ரேடியோ கசெட்டை நடு வீட்டில் வைத்து, சிவப்புப் பொத்தானை அமத்தி, குடும்பமே சுற்றியிருந்து பேசும். அறுபது நிமிடக் கசெட்டின் ஒரு பக்கம் பெரியவர்களுக்கு, மறு பக்கம் பிள்ளைகளுக்கு. ஊருக்கு வருகிறவர் போகிறவர் கையில் அது கடல் கடந்து போகும். அங்கிருந்து அதே கசெட்டில் பதில் வந்ததும் உண்டு. அப்போது பழைய பேச்சு அழிந்து போயிருக்கும். அப்படி அழியாமல் தப்பியவைதான் அந்த டின்னுக்குள் இருப்பவை.

காலம் குறைவு

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் அறிமுகப்படுத்திய இந்தக் கசெட்டுக்குள் இருப்பது நாலு மில்லிமீற்றர் அகலமும் இல்லாத ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் பூசிய காந்தத் தூளில்தான் குரல் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர் ஈரப்பதத்தில் அதில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு உதிரும். நாடாவைவிட விரைவாக மறைவது அதைப் போட்டுக் கேட்கும் பெட்டி. 2019இல் யுனெஸ்கோவின் ஒரு திட்டமும் ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து உலகுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தன. 2025 அளவில் காந்த நாடாக்களை முறையாக ஓட்டும் கருவிகள் கிடைப்பது அரிதாகிவிடும் என்பதே அதன் சாரம். பெரிய காப்பகங்களுக்கே அந்தக் கதி என்றால் எங்கள் பிஸ்கட் டின்னின் நிலை என்ன?

கடந்த சில வருடங்களாக எங்கள் வீட்டுக் கசெட்டுகளையும், அயல் வீட்டார் கொண்டு வந்து தந்தவற்றையும் கணினியில் ஏற்றி வருகிறேன். நான் தொழில்நுட்பம் படித்தவள் அல்ல. ஆனால் வந்த கோளாறுகளும் அவை தீர்ந்த விதமும் மனதில் பதிந்து கிடக்கின்றன. அவற்றை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் கசெட்டைக் கவனியுங்கள்

கணினிக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. கசெட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவை முறிக்கப்படாமல் இருந்தால் இப்போதே முறித்து விடுங்கள். கைதவறி சிவப்புப் பொத்தான் அமர்ந்தாலும் பதிவு அழியாது.

அடுத்தது, நாடாவின் நடுவில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். விழுந்திருந்தால் குரல் மங்கி மங்கிக் கேட்கும். ஸ்குரூ பூட்டிய வேறொரு பழைய கசெட்டைக் கழற்றி, இந்த நாடாவை அந்தக் கூட்டுக்குள் மாற்றினால் சரி. நாடா அறுந்திருந்தால் சாதாரண ஒட்டு நாடாவால் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் ஒட்டிவிடும். இதற்கென்றே விற்கும் ஒட்டு நாடாதான் வேண்டும்.

ஓட்டும் பெட்டியின் தலையை பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பில் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். கறுப்பு, மண்ணிற அழுக்கு வருவது நிற்கும் வரை துடையுங்கள். பாதிப்பேர் "கசெட் பழுதாகிவிட்டது" என்று கொண்டு வந்தவை, தலையைத் துடைத்ததும் பேசின!

துடைத்த பிறகும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தால், பதிவு செய்த பெட்டியின் தலையும் உங்கள் பெட்டியின் தலையும் வேறு வேறு சாய்வில் இருக்கின்றன என்று பொருள். தலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன ஸ்குரூவை, நாடா ஓடும்போதே, மயிரிழை அளவு இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். 'ச', 'ஷ' போன்ற எழுத்துக்கள் எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கின்றனவோ அதுதான் சரியான இடம்.

கணினியோடு இணைத்தல்

பலர் கசெட்டைச் சத்தமாகப் போட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் கைத்தொலைபேசியைப் பிடித்துப் பதிவு செய்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் அதில் அறையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்துவிடும். பிறகு பிரித்தெடுக்க முடியாது.

பெட்டியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரால் நேரே கணினிக்குக் கொண்டு போவதே நல்லது. இங்கே ஒரு சிக்கல். லெப்டொப்பில் இருப்பது பெரும்பாலும் மைக் துளை. மைக்கில் வருவது மிகச் சிறிய மின்சாரம், ஹெட்போன் துளையில் வருவது பெரியது. இதை அதில் சொருகினால் குரல் கரகரத்து உடையும். யூஎஸ்பி துளையில் சொருகும், 'லைன்' உள்ளீடு உள்ள சிறு ஒலிப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பெர்க் என்ற இருவர் தொடங்கி 2000இல் வெளியிட்ட ஒடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் தேவைக்கு அது தாராளம்.

வழக்கமாக வரும் கோளாறுகள்

ஒன்று: பதிவுப் பொத்தானை அமத்தியும் நேர்கோடுதான் ஓடுகிறது. ஒடாசிட்டி உங்கள் யூஎஸ்பி பெட்டியை விட்டுவிட்டு லெப்டொப்பின் சொந்த மைக்கைக் கேட்டுக் கொண்டிருக்கலாம். பதிவுக் கருவி என்ற இடத்தில் சரியானதைத் தெரிவு செய்யுங்கள். அதுவும் சரியென்றால் விண்டோஸின் அந்தரங்க அமைப்பில் மைக் அனுமதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: குரல் உடைகிறது. அலைக்கோடு மேலும் கீழும் சுவரில் முட்டியது போல் தட்டையாக இருந்தால், மிதமிஞ்சிய சத்தத்தில் பதிவு செய்கிறீர்கள். வெட்டுப்பட்ட அலையை எந்த வித்தையாலும் முழுதாக மீட்க முடியாது. மிக உரத்த இடமும் கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாதபடி குறைத்து வைத்துப் பதியுங்கள். பிறகு கூட்டிக் கொள்வது எளிது.

மூன்று: 'ம்ம்ம்' என்ற உறுமல். எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 தடவை அலைவது. அந்த ஐம்பதுதான் வயருக்குள் புகுந்து உறுமுகிறது. லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகும் நிற்காவிட்டால் இரண்டு கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் சொருகுங்கள்.

நான்கு: 'டக் டக்' என்று நடுநடுவே வெடிப்பு. கணினிக்கு மூச்சு முட்டுகிறது. மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். யூஎஸ்பி பெட்டியை வேறு துளைக்கு மாற்றுங்கள்.

ஐந்து: பேச்சு தொடங்கும்போது தெளிவாக இருந்து, பின்னணியில் உள்ள பாட்டோ குரலோ விழுங்கப்படுகிறது. இது விண்டோஸ் செய்யும் 'உபகாரம்'. இணைய உரையாடலுக்காக, பேச்சல்லாததை எல்லாம் இரைச்சல் என்று அது தானாகவே அழிக்கும். ஒலி அமைப்பில் 'ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணைத்து விடுங்கள்.

ஆறு: பேசுகிறவர் கீச்சுக் குரலில் ஓட்டமாகப் பேசுகிறார். அன்றைக்கு பற்றரி இறங்கிய பெட்டியில் மெதுவாக ஓடிய நாடாவை, இன்று சரியான வேகத்தில் ஓட்டுகிறோம். ஒடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதி உண்டு. எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதைவிட, அந்தக் குரலை நேரில் கேட்டுப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் இருத்திக் கொள்ளுங்கள். "இப்ப சரி, இதுதான் மாமாட குரல்" என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஏழு: ஒரு காதில் மட்டும் கேட்கிறது. வயரின் ஒரு கால் வேலை செய்யவில்லை, அல்லது உங்கள் பெட்டி ஒற்றைத் தடம் மட்டுமே அனுப்புகிறது. பழைய வீட்டுப் பதிவுகள் பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான். இரண்டில் தெளிவான ஒன்றை வைத்துக் கொண்டு மற்றதை நீக்கிவிட்டால் போதும்.

இரைச்சல் எது? குரல் எது?

இனி நான் சொல்லப் போவது எங்கள் வீட்டுக் கதை.

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மவுத்தானார்கள். தம்பலகாமத்து வயல்களுக்குத் தண்ணீர் தரும் குளம் அது. உம்மா அப்போது சவூதியில் ஒரு வீட்டில் வேலை. அங்கே செய்தி கேட்டுத் துடித்துப் போயிருந்தார். சில வாரம் கழித்து வாப்பா ஒரு கசெட் பேசி அனுப்பினார். "நாங்க எல்லாரும் நல்லம். புள்ளைகள் ஓதப் போகுது. வெள்ளாமையைப் பத்தி நீ ஒண்டும் யோசிக்காத. எல்லாம் சரி வரும்." இதுதான் அதன் சாரம். உம்மா திரும்பி வரும்போது அந்தக் கசெட்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தார். வாப்பா இப்போது மர்ஹூம்.

அந்தக் கசெட்டைக் கணினியில் ஏற்றினோம். 'சோ' என்ற இரைச்சல் அதிகம். என் மருமகன் கணினியில் கெட்டிக்காரன். "மாமி, இதை ஒரு நிமிசத்தில சுத்தமாக்கலாம்" என்றான். முறை இதுதான்: யாரும் பேசாத இரண்டு நொடியைத் தெரிவு செய்து "இதுதான் இரைச்சல்" என்று ஒடாசிட்டிக்குக் காட்ட வேண்டும். அது அந்த மாதிரியை வைத்துக் கொண்டு பதிவு முழுவதிலும் அதே ஓசையை அமத்தும். வாப்பா "எல்லாம் சரி வரும்" என்று சொல்லி நிறுத்திய இடம் அவன் கண்ணில் பட்டது. அலைக்கோடு அங்கே மெலிந்து கிடந்தது. தெரிவு செய்யும் முன் ஹெட்போனைப் போட்டு ஒரு தடவை கேட்போம் என்றேன்.

கேட்டோம். அந்த மெலிந்த இடத்தில் இரைச்சலோடு ஒரு குரலும் இருந்தது. தூரத்திலிருந்து, குசுகுசுவென்று, மூத்தம்மா! "தண்ணி இல்லாம எந்த வெள்ளாமை? அவளுக்கு உள்ளதைச் சொல்லன்."

இது எப்படிப் பதிவானது தெரியுமா? அந்தக் காலத்து ரேடியோ கசெட்டுகளில் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பக்கத்தில் இருப்பவர் பேசும்போது அது காதைச் சுருக்கும். அவர் நிறுத்தியதும் மெல்ல மெல்லக் காதை விரிக்கும். வாப்பா மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில் பெட்டியின் காது விரிந்து, குசினி வாசலில் நின்ற மூத்தம்மாவின் வாயிலிருந்து வந்ததைப் பிடித்து வைத்துக் கொண்டது. அந்த இடத்தை இரைச்சல் என்று காட்டியிருந்தால், ஒடாசிட்டி மூத்தம்மாவையும் இரைச்சல் என்றே எடுத்துக் கொண்டிருக்கும்.

ஆகவே வாசகர்களே, இரைச்சல் மாதிரியை நாடாவின் தொடக்கத்தில், யாரும் வாய் திறக்கும் முன் உள்ள நொடிகளில் எடுங்கள். எடுக்கும் முன் ஹெட்போனில் கேளுங்கள். ஆறு டெசிபல் குறைத்தால் போதும். கூட்டிக் கொண்டே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். உலக்கைச் சத்தம், கோழி, பாங்கு, மாரித் தவளை, தூரத்து உழவு இயந்திரம்... இவை எல்லாம் கணினிக்கு இரைச்சல். பாலைவனத்தில் இருந்து கேட்ட பெண்ணுக்கு அதுதான் ஊர்!

வெட்டலாமா?

மூத்தம்மாவின் குரல் வெளிப்பட்டதும் வீட்டில் ஒரு தர்க்கம். "அந்த இடத்தை வெட்டிவிடு. பேரப்பிள்ளைகள் கேட்டால் வாப்பாவைப் பொய் சொன்னவர் என்று நினைப்பார்கள்" என்றார் காக்கா. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வாப்பாவின் பெயருக்கு ஒரு சொல் வருவதை எந்தப் பிள்ளை பொறுப்பான்? வெட்டுவது கணினியில் ஒரு விரல் வேலை. ஒட்டுப் போட்ட இடம்கூடத் தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் உம்மாவிடமே போனோம். யாருக்கு அனுப்பிய கடிதமோ அவருக்குத்தானே அது சொந்தம்? ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்கச் செய்தோம். உம்மாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும். ராவு எல்லாரும் படுத்த பிறகு, பெட்டியைக் காதோட வச்சுத்தான் கேட்பன். மாமி சொன்னதும் கேட்டுச்சு. அதனாலதான் இன்னும் ரெண்டு வருசம் நிண்டன்."

எங்களுக்கு நாக்கு எழவில்லை. உம்மா ஏன் சொன்ன காலத்தில் வரவில்லை என்று சிறு வயதில் நாங்கள் மனதுக்குள் கோபித்திருக்கிறோம். அதற்கான பதில் அந்தப் பிஸ்கட் டின்னுக்குள் இத்தனை வருடமாகக் கிடந்திருக்கிறது. உம்மா காக்காவைப் பார்த்துச் சொன்னார்: "வெட்ட வேணாம் மன. ரெண்டு பேரும் எனக்காகத்தான் பேசினாங்க."

அதே உம்மா, இன்னொரு கசெட்டைக் காட்டி, "இதை யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். அது சாச்சி தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுதது. அதையும் கணினியில் ஏற்றினோம், ஒரு சொல்லும் வெட்டவில்லை. ஆனால் அது பூட்டிய கோப்பாக இருக்கிறது. ஒருவரை நம்பி இன்னொருவர் சொன்ன சொல் அமானிதம். வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் இதை ஒரு தடவை யோசியுங்கள். பேசியவர் மவுத்தாகிவிட்டால் அமானிதமும் முடிந்துவிடுமா?

பாதுகாப்பு

ஏற்றிய மூலப் பதிவை ஒருபோதும் திருத்தாதீர்கள். ஒரு பிரதி எடுத்து அதில்தான் திருத்த வேலை எல்லாம். மூலத்தை 'வேவ்' வடிவில் வையுங்கள். 48,000 மாதிரி, 24 பிட் என்பதைக் குறைந்தபட்ச அளவாக ஒலிக் காப்பகங்கள் சொல்கின்றன. அந்த அளவில் இரட்டைத் தடத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் இடம் பிடிக்கும். இன்றைய விலையில் அது பெரிய செலவல்ல. ஒடாசிட்டியின் சொந்தக் கோப்பாக மட்டும் சேமித்துவிட்டு இருந்து விடாதீர்கள். அதை வேறு மென்பொருள்கள் திறக்கமாட்டா.

மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி கிண்ணியா, மூதூர் கரைகளில் உயிர்களோடு எத்தனை வீட்டு அல்பங்களையும் கசெட்டுகளையும் கொண்டு போனது! கொழும்பில் படிக்கும் பிள்ளையிடம் ஒரு பிரதி கொடுத்து வைப்பது கஷ்டமா?

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், பேசியவர், யாருக்கு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பின்னணியில் யார் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த வருடம் அவர்கள் இருப்பார்களா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

கசெட் இல்லாத வீடாக இருந்தால்? பெரியவர்கள் இருக்கிறார்களே! சுபஹுக்குப் பிறகு, வெட்டு இயந்திரம் வயலுக்குள் இறங்கும் முன், மின்விசிறியை நிறுத்தி, மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில் அவர்களை இருத்துங்கள். தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் 'ப' சொல்லும்போது காற்று மோதும். நீங்கள் குறைவாகப் பேசுங்கள். அவர்கள் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டு விடாதீர்கள். சொல்லத் தயங்கியது அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

இந்த நோன்புப் பெருநாளைக்குக் குடும்பம் ஒன்று சேரும்போது அந்த டின்னை நடு வீட்டில் வையுங்கள். யாரிடம் ஓடுகிற பெட்டி இருக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் கணினி தெரியும், எந்தக் கசெட்டை முதலில் ஏற்றுவது என்று பேசி முடிவெடுங்கள். கசெட்டின் நாக்குகளை மட்டும் இன்றைக்கே முறித்து விடுங்கள்.